நேராகப் போனவன்

சாவையே ஓடித் தோற்கடித்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான், அவன் பெயர் ஓட்டோ க்ரீப் என்று ஆட்டம் தொடங்குமுன் தொப்பியைக் கழற்றி அறிவித்தார் அணியின் முதலாளி ப்ராசர். சாவைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு. ஊரில் சவப்பெட்டிக் கடை அவருடையது. அடிபட்ட ஆட்டக்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அவருடைய பிணவண்டிதான்; ஒஹையோவில் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் என்றால் அதுதான். அன்று காலை ஒரு கிழவரைப் புதைத்துவிட்டு வந்திருந்தது. லில்லிப் பூக்கள் உள்ளேயே கிடந்தன.

எங்கள் அமெரிக்கக் கால்பந்தில், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆள்கூட்டத்துக்குள் பாய்வது ஓட்டோவின் வேலை. அதற்காகத்தான் செங்கல் சூளையில் அவனுக்கு வேலையும், சூளைக்குச் சொந்தமான வீடும். ஓடாதவனுக்கு இரண்டும் இல்லை. தலையில் அடிபடாமலிருக்கத் தோல் தொப்பி போடு என்றால், "மொட்டைத் தலையனுக்குத்தான் அது" என்பான்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அவன் பொட்டில் இறங்கியது. ஓட்டோ எழுந்தான். எழுந்து எதிரணியோடு போய் நின்றுகொண்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"டேய், நம்ம ஆளுங்க இங்க இருக்கோம்டா," என்று அவனை இழுத்து வந்தான் பந்தை எடுத்துக் கொடுக்கும் டல்லி.

"சூளைல சங்கு ஊதிட்டாங்களா?"

"ஞாயித்துக்கிழமை எவன்டா ஊதுவான்?"

ஓட்டோவின் மனைவி மின்னா மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி ப்ராசரிடம் ஓடி வந்தாள். "ஐயா, அவரை வெளிய கூப்பிடுங்க."

"கூப்பிடலாம்மா. வெளிய வந்தவன் இந்தப் பாதி முடியறவரைக்கும் உள்ள போக முடியாது, அதான் சட்டம். தோத்துட்டா சூளை மேனேஜர் வேற ஆளப் பாப்பாரு. நீயே சொல்லு, கூப்பிடட்டுமா?"

மின்னா மைதானத்தைப் பார்த்தாள். பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அதன்பின் ஒவ்வொரு தடவையும் டல்லி அவன் தோள்களைப் பிடித்து, பீரோவைத் திருப்பி வைப்பதுபோல, சரியான திசையில் நிறுத்தினான். "நேரா போ." ஓட்டோ நேராகப் போனான். கடைசித் தடவை எல்லைக் கோட்டைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, நிறுத்தி வைத்திருந்த கார்கள்வரை போய் ஒன்றின்மேல் மோதி நின்றான். ஜெயித்தாகிவிட்டது. ஊரே அவனைத் தோளில் தூக்கிப் பிணவண்டியில் ஏற்றியது. ப்ராசர் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு செத்தது?" என்றான் ஓட்டோ, பூக்களைப் பார்த்து.

"யாருமில்ல. படுங்க," என்றாள் மின்னா.

திங்கட்கிழமை வேலை இருந்தது. மேனேஜரே சூளை வாசலில் நின்று கைகுலுக்கினார். அன்று காலை ஓட்டோவின் கால்சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டது மின்னா.