எந்த சுவிட்ச்

"இதுவா பாரு. இல்ல, கீழ கீற செகப்பா?"

சுவரில் மாட்டியிருந்த சோலார் பெட்டியின் சுவிட்சுகளை கிரேஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கூடத்தில் அவள் கணவர் ஜீவரத்தினத்தின் சவப்பெட்டியை மூட இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. புத்தலப்பட்டு சபையார் பந்தலில் காத்திருந்தார்கள்.

"அம்மா, நைனாகிட்ட வந்து உக்காரு," என்று மகள் ஜெமிமா தோளைப் பிடித்தாள்.

"நேத்து மத்தியானம் கரண்டு போச்சு. மூச்சு மிஷினு நின்னுபோச்சு. மேல அவ்ளோ வெயிலு, சோலார் ஏன்டி வரல? எல்லாத்தையும் போட்டுப் போட்டுப் பாத்தேன். எதையோ ஒண்ண விட்டுட்டேன் போலக்கீது."

திருப்பதிப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சம்பளத்தில் சோலார் போட்டவள் ஜெமிமாதான். ஆக்சிஜன் மிஷின் ராவும் பகலும் ஓடியதில் வந்த பில்லைப் பார்த்து, "கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாமா?" என்று நைனா கேட்டதை அவளால் தாங்க முடியவில்லை. ஆசிட் வாடை அவர் நெஞ்சுக்கு ஆகாதென்று பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கிக் கொடுத்தவளும் அவளே. லைனில் கரண்ட் போனால் சோலாரும் தானாக நின்றுவிடும், பேட்டரி இருந்தால்தான் ஓடும் என்று பேனல் மாட்டியவன் சொல்லிவிட்டுத்தான் போனான். லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். பயந்துவிடுவாள் என்று அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

ஜீவரத்தினத்தின் அக்கா பிரேமலதா உள்ளே வந்தாள்.

"இப்ப தேடி இன்னா பிரயோஜனம் கிரேசு? சீரியலுக்கு மட்டும் ரிமோட்டு அமுக்கத் தெரியுது. எந்தம்பி மூச்சுக்குத் தவிக்கும்போது ஒரு சுவிட்சு போடத் தெரியலியே!"

பந்தலில் பேச்சு நின்றது. கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெமிமா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அதுக்கு சுவிட்சே இல்லம்மா. நீ ஒண்ணையும் விடல. கரண்ட் போனா அதுவும் நின்னுடும். எனக்குத் தெரியும். நான்தான் உங்கிட்ட சொல்லல."

கிரேஸ் அவளையே பார்த்தாள். வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"நைனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதான்... கைய மேல காட்டிக்கினே இருந்தாரு. பாப்பா போட்டது, வந்துடும்னு..." கிரேஸ் திறந்திருந்த பால் பாத்திரத்தை மூடினாள். மூடி சரியாக உட்கார்ந்த பிறகும் அதை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தைகிட்ட நானே சொல்லிடறேம்மா."

"சொல்லி? நான் கெழவி. ரெண்டு பேச்சு கேட்டுக்கினு கெடப்பேன். நீ ஆயுசுக்கும் இந்த ஜனத்துக்கு நடுவுல வந்து போகணும்."

வாசற்படியில் பிரேமலதா நின்றாள். "சர்ச்சு ஐயரு ஜெபத்துக்குக் கூப்பிடறாரு. இன்னா, சுவிட்சு கெடச்சுதா?"

"கெடச்சுது அண்ணி. நான்தான் போடல."

ஜெமிமா வாயைத் திறந்தாள். அம்மாவின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்தது.

கல்லறைத் தோட்டம் வரை நிழல் இல்லை. பெட்டிக்குப் பின்னால் பிரேமலதா அழுதபடி போனாள். ஜெமிமா ஓரிடத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது. கிரேஸ் திரும்பி வந்து, தன் முந்தானையை இழுத்து மகளின் தலைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.