பதினோரு சிவப்பு அம்புகள்

என் கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷமாகச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலரில் தொடங்கி கீழ்மடிப்பு வரை இருபத்திரண்டு இடம் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தால், நூல் தொங்கினால், பட்டன் இம்மி தள்ளியிருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பேன். தையல் பிரிவுப் பெண்கள் என்னைக் கண்கொத்திப் பாம்பு என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். எனக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலை முடிந்ததும் இந்தக் கண்ணைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வர முடிவதில்லை, அதுதான் தொல்லை. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோள்பட்டைத் தையலைப் பார்ப்பேன். வீட்டுச் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் எழுந்து போய்ச் சரிசெய்யாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவருக்கு எது எப்படி இருந்தாலும் சரி. "உலகமே சாய்ஞ்சுதான் சுத்துதாம், நீ காலண்டரப் புடிச்சுத் தொங்கு" என்பார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு கட்டத்துக்குமேல் அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை.

தம்பிக்கு ஒரே பெண், எட்டு வயது. குறைமாதத்தில் கையளவு பிறந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. அவள் அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. தம்பி லாரி ஓட்டுகிறான், லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். குழந்தை பக்கத்து வீட்டில் நாலு நாள், எதிர்வீட்டில் மூணு நாள் என்று அல்லாடிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடை லீவு தொடங்கியதும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"ஆறு வாரம் இருக்கட்டும்க்கா. புடிச்சுதுன்னா இங்கயே இருந்து படிக்கட்டும், எனக்கும் நிம்மதி. ஆனா அதை அவதான் சொல்லணும். நீயோ மாமாவோ கேட்டு நச்சரிக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்லயும் அவளக் கேக்காமதான் விட்டேன். இந்தத் தடவ அப்படிச் செய்ய மாட்டேன்."

சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் அன்று சாயங்காலமே பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டது.

கோடையில் கம்பெனியில் ஆர்டர் குறைவு, காலை ஷிப்ட் மட்டும்தான். ஒரு மணிக்கு நான் வந்ததும் வீட்டுக்காரர் டூட்டிக்குக் கிளம்புவார். வெளியே தலைகாட்ட முடியாத வெயில். வீட்டுக்குள்ளேயே குழந்தையை என்ன செய்ய வைப்பது? கம்பெனியிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தேன், வெட்டுப் பிரிவில் மிஞ்சிய துணித் துண்டுகள் ஒரு பை நிறைய. கத்தரிக்கோல், பசை, கலர் பென்சில். முன்னறையில் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டதும் அவள் கால் மடக்கி உட்கார்ந்தவள்தான், சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

முதலில் அட்டையில் ஒரு வீடு செய்தாள். மூன்று அறை, ஆறு ஜன்னல். ஜன்னல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் மத்தியானம் அசந்து தூங்கியபோது, ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் எடுத்து ஆறு ஜன்னலையும் அளந்து நேராக்கினேன். எழுந்து வந்தவள் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஜன்னல்லாம் நேரா ஆயிடுச்சே."

"அத்தை லேசா சரி பண்ணேன். இப்ப நல்லாருக்கில்ல?"

"ம். நல்லாருக்கு" என்று சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பை நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி.

அடுத்து அவரும் அவளும் சேர்ந்து காலை நேரங்களில் காகிதச் சங்கிலி ஒட்டினார்கள். டிக்கெட் ரோலில் மிஞ்சும் கடைசி முழத்தை அவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவார். நான் வரும்போது இரண்டு பேர் விரலிலும் பசை, தரையெல்லாம் சிரிப்பு. எனக்குப் பொறாமை வந்தது, மறைப்பானேன். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்று மத்தியானம் சங்கிலியை எடுத்துப் பார்த்தால் ஒரு வளையம் வளையல் அளவு, அடுத்தது மோதிர அளவு. ஒவ்வாத வளையங்களைப் பிரித்து, ஒரே அளவில் மறுபடி ஒட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது புள்ள பண்ணது. நீ எதுக்கு இதுல கைய வைக்கிற?"

"அவளுக்காகத்தாங்க. நல்லா வந்தா அவளுக்குத்தான சந்தோஷம்."

"நல்லா வந்தா உனக்குச் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் வந்த கோபம்.

பட்டாணிக்கு என் வேலையைப் பற்றிக் கேட்பதில் ஓயாத ஆசை. சிவப்பு அம்புகள் இருக்கும் தாளை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

"இத ஒட்டுனா அந்தச் சட்டைய என்ன பண்ணுவாங்க அத்தை?"

"திரும்பத் தைக்க அனுப்புவாங்க. பிரிச்சுச் சரி பண்ணிடுவாங்க."

"நெறைய அம்பு இருந்தா?"

"நாலு வரைக்கும் சரி பண்ணலாம். நாலுக்கு மேல போச்சுன்னா அந்தப் பீஸே வேணாம்னு தனியா தூக்கிப் போட்டுருவோம்."

"ஓ" என்றாள். நான் பெருமையாகச் சொன்னேன். அத்தைக்கு எவ்வளவு அதிகாரம் பார், என்று காட்டிக்கொள்கிற பெருமை.

ஐந்தாவது வாரத்தில் அவள் எதையோ எங்களுக்குத் தெரியாமல் செய்யத் தொடங்கினாள். நான் உள்ளே வந்தால் எதையோ பாவாடைக்கு அடியில் தள்ளுவாள். "அப்பா வர்ற அன்னைக்குத்தான் காட்டுவேன்" என்றாள். அவரிடம்கூடக் காட்டவில்லை. ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பி நின்றபோது, தூங்குகிறவளின் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி நுனி எட்டிப்பார்த்தது. பார்க்கக் கூடாது என்று தெரியும். உருவி எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளைத் துணியில் மூன்று பேரை வெட்டி வைத்துத் தைத்திருந்தாள். தோளில் கண்டக்டர் பையோடு ஒட்டடைக்குச்சி மாதிரி ஒருவர். பக்கத்தில் கண்ணுக்கு இரண்டு பெரிய சட்டைப் பட்டன்களை வைத்துத் தைத்த ஒரு பெண். அது நான்தான், சந்தேகமே இல்லை. நடுவில் மஞ்சள் துணியில் ஒரு குட்டிப் பெண், இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆறு ஜன்னல் வைத்த வீடு.

யாரும் கேட்காமலே அவள் சொல்லிவிட்டாள். தம்பி வந்ததும் இதைத்தான் அவன் கையில் கொடுக்கப் போகிறாள். இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்ட வேண்டும், சாகும்வரை வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி வைத்திருக்கப் போகிற ஒன்றில் குறையே இருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். தையல் நீட்டு நீட்டாக ஓடியிருந்தது. மஞ்சள் பெண்ணின் ஒரு கை இன்னொரு கையைவிட இரண்டு மடங்கு பெரியது. சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து சரிசெய்யலாம், மறந்துவிடாமல் இருக்க அடையாளம் மட்டும் வைப்போம் என்று, கம்பெனி ஏப்ரன் பையிலிருந்த அம்புத் தாளை எடுத்தேன். என் கை நாற்பது விநாடியில் அந்த வேலையை முடித்துவிட்டது. மொத்தம் பதினோரு அம்பு.

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் இருந்தபடியே செருகிவிட்டு ஓடினேன். அவர் முந்தின நாள் கடைசி வண்டி முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்து மேஜைக்காரி, "என்ன இன்னைக்குப் பாம்பு சிரிக்குது?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். வரும் வழியில் கடையில் ஏறி, கண்ணாடி போட்ட ஒரு சட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பட்டாணி செய்தித்தாள்மேல் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். துணியை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். ஒட்டடைக்குச்சி மனிதர் இருந்தார். பட்டன் கண்ணுள்ள பெண் இருந்தாள். நடுவில் ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"நடுவுல இருந்த பாப்பா எங்கம்மா?"

"எடுத்துட்டேன் அத்தை."

"ஏன்?"

"அதுல மட்டும் ஏழு அம்பு இருந்துச்சு. நாலுக்கு மேல போனா பீஸே வேணாம்னு சொன்னீங்கள்ல? உங்ககிட்ட ரெண்டு, மாமாகிட்ட ரெண்டுதான். அத சரி பண்ணிட்டேன், பாருங்க."

அவள் அழவில்லை. சொன்ன வேலையை ஒழுங்காக முடித்த முகம்தான் அது. அழுதிருந்தால் அள்ளி மடியில் போட்டுக்கொண்டிருப்பேன். அந்த முகத்தின் முன்னால் எனக்குச் சட்டத்தை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"இல்லம்மா, அது தப்புன்னு ஒட்டல. சும்மா அடையாளத்துக்கு. வா, திரும்ப வச்சுத் தைக்கலாம்."

"பரவால்ல அத்தை. அத கிழிச்சுட்டேன்."

நடந்ததைக் கேட்டு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். டூட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று முதல்முறையாக வண்டிக்குத் தாமதமாகப் போனார்.

மிச்சமிருந்த நாட்களில் என்னென்னவோ செய்து பார்த்தேன். நானே ஒரு காகிதப் பறவையைத் தாறுமாறாக வெட்டி, "ஐயோ, அத்தைக்கு வெட்டவே வரல பாரு" என்று காட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "வேணும்னேதான கோணலா வெட்டுனீங்க?" என்று மெல்லக் கேட்டாள். ரெண்டு சிறகும் ஒரே அளவில் கோணலாக இருந்தன. என் கைக்கு அதுகூடத் தெரியவில்லை.

அதன்பிறகு அவள் எதையும் செய்யவில்லை. கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்தாள், பென்சில்களை உயர வரிசையில் அடுக்கினாள். தன் உடுப்புகளை நுனியோடு நுனி சேர்த்து மடித்தாள். செருப்பைக் கோடு போட்டதுபோல் விட்டாள், தண்ணீர் குடித்தால் ஒரு சொட்டு சிந்தவில்லை. என்னைக் கண்டு பயந்தாள் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாக இருந்தாள், வந்த இடத்தில் விருந்தாளி இருப்பதுபோல. மாமாவோடு மட்டும் எப்போதாவது சிரித்தாள், அதுவும் நான் உள்ளே வந்தால் நின்றுவிடும்.

தம்பி சொன்ன நாளில் வந்தான். லாரி தெருவுக்குள் நுழையாது என்பதால் முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். பட்டாணி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. அவன் அவளைத் தூக்கி வைத்தபடியே கேட்டான்.

"என்ன பட்டாணி, அத்தை வீட்லயே இருந்துக்கிறியா? யோசிச்சுச் சொல்லு. அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவள் அவன் காதுக்குள் ஏதோ சொன்னாள். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"என்கூடவே வரேன்னு சொல்றாக்கா."

கேட்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டவள் நான். கேட்டுவிட்டேன். "ஏன் கண்ணு, இங்க புடிக்கலையா? அத்தை மேல கோபமா?"

அவசரமாக அவன் தோளிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். "அய்யோ, இல்ல அத்தை. புடிச்சிருக்கு. எனக்குத்தான் எதுவும் சரியா வரல. நான் நல்லா பழகிட்டு வரேன். தப்பே இல்லாம வந்ததும் அப்பாகிட்ட சொல்றேன், கொண்டாந்து விடுவாரு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நீ எதுவும் பழக வேண்டியதில்லை, இப்படியே இரு, உன் பெரிய கையோடும் சின்னக் கையோடும் இங்கேயே இரு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது நெஞ்சு நிறைய இருந்தது. சொல்வதற்குத்தான் குனிந்தேன். அவள் சட்டையில் மேல் பட்டன் ஒரு துளை மாறிப் போட்டிருந்தது. என் கை தானாக நீண்டு அதைக் கழற்றிச் சரியான துளையில் போட்டது, காலரை இழுத்து நேராக்கியது.

அவள் முகவாயைத் தூக்கிக் கொடுத்து, இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, நான் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு கேட்டாள்.

"இப்ப சரியா இருக்கேனா அத்தை?"