சுரங்க ஆட்களை எண்ணாத எதிரி

அந்த விளையாட்டில் எதிரி யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பாட்டுக்குத் தாது தோண்டி, பீரங்கி வண்டி செய்து, படையைக் கிளப்பிவிடுவான். அவனை ஓட்டுவது கம்ப்யூட்டர். பத்து லெவல்களில் ஒன்பதாவது பனி நிலா. அதை அமைத்தவன் நோட்டுவின் சித்தப்பா மகன். விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனியில், வெளியிடும் முன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதும் அந்த அண்ணன்தான். ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதி வைப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘நோட்டு’ என்றே பெயர்.

திங்கட்கிழமை டீம் லீடர் வந்து நின்றார்.

“ஒன்பதை ஒருத்தரும் ஜெயிக்கல. வியாழக்கிழமைக்குள்ள யாராவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லன்னா அந்த லெவலையே தூக்கிடுவேன்.”

அண்ணனின் முகம் சுண்டிப்போனது. ஏழு மாத உழைப்பு. அவன் தனியாகச் செய்த முதல் லெவல்.

புதன்கிழமை மாலைக்குள் நோட்டு முப்பத்தேழு முறை தோற்றாள். தப்பு லெவலிலா, தன் விரலிலா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“நீ சண்டை போடுறியா, அவனுக்கு வழி விடுறியா?” என்றான் அண்ணன்.

“அவன் நீ பெத்த பிள்ளைதானேணா, நீயே கேளு.”

வியாழன் காலை, முப்பத்தெட்டாவது ஆட்டம். படைகளைப் பிரித்து, கீபோர்டில் பிரிவுக்கு ஓர் எண் கொடுத்துக்கொள்வது வழக்கம். ஒன்றாம் எண்ணில் பீரங்கி வண்டிகளை வைக்க வேண்டியவள், அசதியில் தாது தோண்டும் சுரங்க ஆட்களை வைத்துவிட்டாள். ஒன்றை அழுத்தி எதிரியின் கோட்டையைக் காட்டினாள். பதினெட்டு சுரங்க ஆட்கள் துளைப்பான்களைத் தூக்கிக்கொண்டு பனியில் வரிசையாகக் கிளம்பினார்கள். “போச்சு” என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

எதிரியின் ஒரு பீரங்கிகூட அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் நேராக உள்ளே போய், தாதுப் பாறையைக் குடைவதுபோல் நடுக்கோபுரத்தைக் குடைந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் கோபுரம் சரிந்தது.

“ஜெயிச்சுட்டடி!” அண்ணன் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான்.

அவள் சிரிக்கவில்லை. அதேபோல் இன்னும் மூன்று முறை ஆடினாள். மூன்றிலும் வெற்றி. எதிரி ஆயுதம் வைத்திருப்பவர்களை மட்டும்தான் எண்ணினான். சுரங்க ஆட்கள் அவன் கணக்கிலேயே இல்லை.

அவள் குறை அறிக்கையைத் திறப்பதைப் பார்த்து அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

“எழுதாத. ஜெயிச்சது ஜெயிச்சதுதான்.”

“இது ஜெயிச்சதே இல்லணா. வெளிய வந்த அன்னிக்கே எல்லாரும் கண்டுபிடிச்சுச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். லெவல் இருக்குமில்ல?”

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். நான்கு வரிகளை மூன்று முறை அடித்துத் திருத்தி லீடருக்கு அனுப்பினாள். மாலை ஐந்து மணிக்குள் பனி நிலா லெவல் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அன்று அவன் பைக்கில் தனியாகப் போனான். அவளுக்கென்று வைத்திருக்கும் ஹெல்மெட் அவன் மேசைக்கு அடியிலேயே கிடந்தது. ஒன்பது நாள் அவள் பஸ்ஸில் போய்வந்தாள். இருவரும் இருக்கும் சித்தப்பா வீட்டில் சித்தி “என்னடி, ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லையா?” என்று கேட்டதற்கு “வேலை ஜாஸ்தி” என்று மழுப்பினாள்.

பத்தாம் நாள் அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“எதிரியைச் சரி பண்ணிட்டேன். இப்ப சுரங்க ஆளையும் எண்ணுவான். யாராவது ஒழுங்கா ஜெயிச்சா திரும்பச் சேர்த்துக்கலாம்னு லீடர் சொல்லிட்டாங்க. உக்காந்து தோத்துட்டுப் போ.”

முதலில் சுரங்க ஆட்களைத்தான் அனுப்பினாள். பாதி வழியிலேயே எதிரி சுட்டுத் தள்ளிவிட்டான். பிறகு பீரங்கி வண்டிகளைக் கொண்டு இருபத்திரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தாள். எதிரிக்கு ஒரே ஒரு கோபுரம் மிச்சம் இருந்தபோது தோற்றாள்.

நோட்டைப் புரட்டி நேரங்களைப் பார்த்தாள். இரண்டாவது சுரங்கத்தைத் திறக்க நாற்பது நொடி தாமதம். தப்பு இந்த முறை அவளுடையதுதான். சந்தேகமே இல்லை.

“இதை ஜெயிக்கலாம்ணா” என்றாள்.

அவன் தன் மேசைக்குப் போனான். அடியில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துவந்து, தூசியைச் சட்டையில் துடைத்து, அவள் மேசையில் வைத்தான்.

“இன்னொரு ஆட்டம் ஆடு. முடியிற வரைக்கும் இருக்கேன்.”