பகல் பதினொரு மணிக் கணக்கு

புருஷோத்தமன் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பல வருடமாக மூடிக் கிடந்த மருந்துக்கடை வாசலை ஒரு பார்வை பார்த்தார். பெருக்கிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. நகராட்சிக் கணக்கெடுப்புப் படிவத்தைத் தொடைமேல் வைத்து, ‘தெருவில் வசிக்கும் குடும்பங்கள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். மணி பகல் பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய மார்க்கெட்டைச் சுற்றியிருந்த ஆறு தெருக்களையும் இப்படியே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

போகிற போக்கில் ஒரு நல்ல காரியமும் செய்தார். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நான்கைந்து உரச்சாக்குகள் கட்டிக் கிடந்தன. துப்புரவுப் பிரிவுக்குப் போன் போட்டு, “இங்க ஒரே குப்பை மூட்டை. எடுக்கச் சொல்லுங்க” என்றார். கடமை தவறாத மனிதர்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏன், பகல் பதினொரு மணிக்கு வேலைவெட்டி உள்ள எந்த மனுஷன் படுத்துக் கிடப்பான்? அந்தத் தெருவாசிகளில் ஒருவர் லோடு இறக்கப் போயிருந்தார். ஒருத்தி மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வாசலில் ஆறு வருடமாகப் படுத்தெழும் அஞ்சலாட்சி, கூப்பிடு தூரத்தில், மார்க்கெட்டுக்குள் அருவாமனையின் முன் உட்கார்ந்து, யார் யாரோ வாங்கிய மீனை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அலுவலக நேரத்தில் கணக்கெடுப்பது அலுவலக வழக்கம். அது யாருக்கு வசதி என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அந்தக் கணக்குக்காகத்தான் அஞ்சலாட்சி ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். புதிய அடுக்குமாடியில் நாற்பத்தெட்டு வீடுகள், தெருவில் இருப்பவர்களுக்கு நிரந்தரமாகவே தரப்போகிறார்கள், கணக்கில் பேர் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மகள் மாலா காலாப்பட்டுப் பக்கம் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படிக்கிறாள். அடுத்த மாதம் பரீட்சை முடிந்ததும் விடுதியைக் காலி செய்ய வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணை எந்தக் கடை வாசலில் படுக்க வைப்பது? இதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தால், டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் அவள் கட்டி வைத்திருந்த துணிமணி மூட்டையைக் காணோம். எதிர் டீக்கடை இராமதாஸ் விஷயத்தைச் சொன்னார்.

“ஸ்கூட்டர்ல ஒருத்தர் வந்தாரு. என்னமோ எழுதனாரு, போன் பண்ணாரு. லாரி வந்து வாரிக்கினு பூடுச்சி.”

“கணக்கெடுக்கறவரா?”

“கழுத்துல ஆபீஸ் அட்டை தொங்குச்சி.”

அவ்வளவுதான். மீன் ஆய்ந்த கையைக்கூடக் கழுவாமல் நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள்.

“கணக்கு முடிஞ்சிபோச்சும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட் மேல போவுது,” என்றார் புருஷோத்தமன், மூக்கைச் சுளித்தபடி. “அந்தத் தெருவுல யாருமே இல்லியே.”

“எத்தினி மணிக்கு வந்தீங்க சார்?”

“பதினொன்னு.”

“உங்க வூடு எங்க?”

“லாஸ்பேட்டை. ஏன்?”

“பதினோரு மணிக்கு நான் லாஸ்பேட்டைக்கு வந்து தேடியிருந்தா, நீங்க வூட்ல இருந்திருப்பீங்களா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். புருஷோத்தமனுக்குச் சுருக்கென்றது. “நான் இல்லன்னாலும் கதவு பூட்டியிருக்கும். ஆள் குடியிருக்குன்னு தெரியும்,” என்றார்.

அஞ்சலாட்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னச் சாவியை மேசைமேல் வைத்தாள். “எங்கிட்டயும் பூட்டு இருந்துச்சி சார். வூடு குடுத்தா மாட்டலாம்னு வாங்கி மூட்டையில வெச்சிருந்தேன். குப்பைன்னு அனுப்பிட்டீங்க. இத நீங்களே வெச்சிக்கோங்க.”

சத்தம் கேட்டு மேலதிகாரி கலைவாணன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “ராத்தங்கல் விடுதி இருக்குதேம்மா. பாய், போர்வை எல்லாம் தருவாங்க. லெட்டர் குடுக்கச் சொல்லட்டா?”

“அங்க இருந்துட்டு வந்தவதான் சார். காலையில ஆறு மணிக்கு வெளிய அனுப்பிடுவாங்க. பெரிய ஆளுங்க ஊருக்கு வந்தா வேன்ல ஏத்திக்கினு போயி மண்டபத்துல மூணு நாள் சோறு போடுவீங்க. நாலாம் நாளு அதே தெருவுல எறக்கி வுடுவீங்க. எம்பொண்ணு வரா சார். உள்ள தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு கதவு இருந்தா போதும்.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். மார்க்கெட்டில் மாலை வியாபாரம் காத்திருந்தது.

புருஷோத்தமனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துப்புரவுப் பிரிவுக்குப் போன் போட்டார். லாரி எப்போதோ கொட்டிவிட்டு வந்துவிட்டதாம். வீட்டுக்குப் போனார். கதவுப் பூட்டைத் திறக்கும்போது கை ஒரு நொடி நின்றது. காபி ஆறிப்போனது. கணக்கை மாற்றினால் முதல் கணக்கு பொய் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி. மெமோ வரும், வரவேண்டிய பிரமோஷன் போகும். மாற்றாவிட்டால் அந்தப் பெண்பிள்ளை தெருவுக்கு வரும். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

விடிகாலை ஐந்து மணிக்கு அதே மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். இந்த முறை இறங்கினார். வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சி மார்க்கெட்டுக்குக் கிளம்பத் தலையை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தப்பு என்னுதும்மா. பேரச் சொல்லு.”

“அஞ்சலாட்சி.”

“கூட யாரு?”

“எம்பொண்ணு மாலா.” அவர் பக்கம் திரும்பினாள். “அடுத்த மாசம் வருவா. எழுதுவீங்களா?”

எழுதினார். முகவரி என்ற கட்டத்தில் ‘மருந்துக்கடை வாசல்’ என்றே எழுதினார். ஆறு தெருக்களையும் நடந்தே முடித்தபோது மணி எட்டு. அறுபத்து மூன்று குடும்பங்கள்.

“நேத்து சைபர், இன்னிக்கு அறுபத்து மூணாய்யா?” என்று அலுவலகத்தில் கலைவாணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “வீடே நாப்பத்தெட்டுதான். உனக்கு மெமோ நிச்சயம்.”

“வரட்டும் சார்.” புருஷோத்தமன் பட்டியலை வைத்து, அதன்மேல் அந்தச் சாவியை வைத்தார். “வீடு பத்தலன்னா இன்னும் பதினஞ்சு கட்டணும்னு எழுதுவோம். பதினஞ்சு குடும்பமே இல்லன்னு எழுதக் கூடாது. இனிமே இந்தக் கணக்க விடிகாலையிலதான் எடுக்கணும்னும் ஒரு வரி சேருங்க.”

கலைவாணன் சாவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது எந்தப் பூட்டுது?”

“அந்தப் பூட்டத்தான் நான் குப்பையில போட்டுட்டேன் சார். மண்டபத்துல மூணு நாள் படுக்க வெச்சா நம்ம தெருதான் சுத்தமாவும். பூட்டிட்டு வேலைக்குப் போவ ஒரு கதவு குடுக்கற வரைக்கும், அவங்களுக்கு நாம எதுவும் குடுத்ததா எழுதிக்க முடியாது.”

கலைவாணன் பேனாவைத் திறந்து, பட்டியலின் அடியில் ‘விடிகாலையில்’ என்று எழுதத் தொடங்கினார்.