பத்தியின் அடியில் மூன்று வரி

1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எட்டாம் திகதி, திங்கட்கிழமை, கொழும்பில் பத்தொன்பது வயது இளைஞர் இருவர் இறந்தனர். ஒருவன் வெள்ளவத்தையில் வழக்குப் பார்க்கும் புரொக்டர் ஒருவரின் மகன். கல்லூரிக் கிரிக்கெட் அணியின் தலைவன். கடலில் குளிக்கும்போது அலை இழுத்துச் சென்றது. மற்றவன் இராமர், துறைமுகக் கூலியாள். கொச்சிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் அரிசி மூட்டை அடுக்குச் சரிந்து அவன்மேல் விழுந்தது. மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு, இராமரின் தமையன் அழகுமுத்து, தான் வேலை செய்யும் மாலைப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் நின்று, புரொக்டர் மகனின் மரணச் செய்தியை எழுத்தெழுத்தாகக் கோத்துக்கொண்டிருந்தான்.

அவனை வேலைக்கு அனுப்பியவள் தாய் பாக்கியலெட்சுமி. மரண விசாரணை முடிந்து சடலம் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“கிட்டங்கிப் பொஸ்தகத்துல அவனை என்னான்னு எழுதியிருக்கு?”

“நம்பர்தாம்மா. நூத்திப் பதினேழு.”

“விசாரணைக் கடுதாசியில?”

“இந்தியக் கூலி ஒருத்தன்னு.”

“தெனம் எவன் எவன் பேரையோ கோக்குற. ஒந் தம்பி பேரும் ஒரு தடவ வரட்டும். போ. நாலு மணிக்குத் தூக்குறதுக்குள்ள வந்துரு.”

அச்சுக்கூடத்துச் சன்னலோரத் தட்டில், நூலால் இறுகக் கட்டிய ஈய எழுத்துக் கட்டுகள் சில இருந்தன. அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை ஒவ்வொரு முறையும் கோத்துக் கலைப்பது வீண் வேலை. ஆகவே அவற்றை ஆயத்தமாக வைத்திருப்பது வழக்கம். ‘துறைமுகத்தில் வேலை செய்த கூலியாள் ஒருவர் நேற்று விபத்தில் மரணமானார்’ என்பது அவற்றுள் ஒன்று. ஆறு வருடங்களுக்கு முன்னர் அதைக் கட்டிவைத்தவன் அழகுமுத்துவே. கெட்டிக்காரன் என்று அப்போது பெயரும் எடுத்தான்.

உதவி ஆசிரியர் றேமண்ட் வத்தளைக்காரர்; குரலை உயர்த்திப் பேசாதவர். அவனைக் கண்டதும் திடுக்கிட்டார்.

“ஐசே, இண்டைக்கு ஏன் வந்தனீர்?”

“தம்பியப் பத்திப் போடணும், சார்.”

“கட்டு இருக்குத்தானே. எடுத்து வையும்.”

“அதுல பேரு இல்ல, சார்.”

றேமண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“படம் இருக்கோ?”

“இல்ல, சார்.”

“எதுவரைக்கும் படிச்சவன்?”

“மூணாங் கிளாஸ்.”

“ஏதும் விளையாடினவனோ?”

“பட்டம் விடுவான்.”

“அப்ப வாசிக்கிறவன் எதைப் பிடிச்சு அழுறது? கூடாத கதையெண்டு நினையாதையும். புரொக்டர் வீட்டிலயிருந்து காலமை ஏழு மணிக்கே படம் வந்திட்டுது. பிரின்சிப்பல் எழுதின கடிதமும் வந்திட்டுது. உம்மட தம்பிக்கு ஆர் எழுதுறது?”

“நான் எழுதுறேன், சார்.”

றேமண்ட் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கு மேலாகவே துடைத்தார்.

“மூண்டு வரி. பத்தியின்ர அடியில. அதுக்கு மேல கேளாதையும்.”

அழகுமுத்து கோத்தான். ‘கொட்டாஞ்சேனை இராமர், வயது பத்தொன்பது, கொச்சிக்கடையில் மூட்டை சரிந்து நேற்று மரணமானார். தாயும் தமையனும் உளர்.’ மூன்று வரியும் சரியாக நிரம்பின.

பன்னிரண்டே முக்காலுக்கு வெள்ளவத்தைப் புரொக்டர் வீட்டிலிருந்து டெலிபோன் வந்தது. ஊர்வலம் நான்கு மணிக்கல்ல, ஐந்து மணிக்கு. சிங்கப்பூரிலிருந்து மாமன் ஒருவர் தந்தி அனுப்பியிருக்கிறார். அதையும் சேர்க்க வேண்டும். புதிதாக மூன்று வரி. பத்தி நீண்டால் அடியிலிருந்து எடுப்பது அச்சுக்கூடத்து விதி. எடுப்பவன் கோத்தவனே.

“நாளைக்குப் பாப்பம்” என்றார் றேமண்ட், அவன் முகத்தைப் பாராமல்.

அழகுமுத்து மூன்று வரிகளையும் சிந்தாமல் எடுத்தான். நூலால் கட்டினான். துறைமுகக் கட்டின் பக்கத்தில் வைத்தான். ஒரு மணிக்கு அந்தப் பக்கம் பூட்டப்பட்டு அச்சுக்குப் போயிற்று.

வீட்டு வாசலில் பாடை ஆயத்தமாக இருந்தது.

“வந்திருச்சா?” என்றாள் பாக்கியலெட்சுமி.

“எடம் இல்லம்மா.”

அவள் மகன் கிடந்த கிடையைப் பார்த்தாள்.

“ஒல்லிப் பய. அவனுக்கு எவ்வளவு எடம் வேணும்?”

அழகுமுத்துவின் விரல்களில் மை காயாமல் இருந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டுத் தோள் கொடுக்கக் குனிந்தான்.

புதன்கிழமை வீட்டில் இருந்துவிட்டு, வியாழக்கிழமை எல்லோருக்கும் முன்பாக அச்சுக்கூடத்துக்கு வந்தான். பத்து மணிக்கு றேமண்ட் கூப்பிட்டார்.

“ஐசே, ரெண்டு வரி இடம் கிடக்கு. துறைமுகத்தில நேற்றும் ஒருத்தன் விழுந்து செத்தவனாம். கட்டை எடுத்து வையும்.”

“கட்டு இல்ல, சார். காலையில கலைச்சிட்டேன்.”

“ஏன்?”

“பேரு போட அதுல எடம் இல்ல. செத்தவன் பேரென்ன, சார்?”

“ஆருக்குத் தெரியும்?”

“கேட்டுட்டு வாறேன்.”

அவன் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். முக்கால் மணி நேரம் கழித்து, கொச்சிக்கடையிலிருந்து ஒரு பெயரோடும் ஒரு வயதோடும் திரும்பி வந்தான்.

விஷயம் ஆசிரியர்வரை போயிற்று. முடிவு இதுதான்: துறைமுகச் சாவுகளுக்கு இனி ஆயத்தக் கட்டு வைக்கப்படமாட்டாது. இறந்தவரின் பெயரையும் வயதையும் அழகுமுத்து பன்னிரண்டு மணிக்கு முன்னர் கேட்டறிந்து வந்தால், இடமும் இருந்தால், இரண்டு வரி கொடுக்கப்படும். பெயர் கிடைக்காவிட்டால் செய்தி இல்லை. இராமரின் மூன்று வரிகள் பழையனவாகிவிட்டபடியால் சேர்க்கப்படவில்லை. எழுத்துகளுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், சனிக்கிழமை அவையும் கலைக்கப்பட்டு, எழுத்துப் பெட்டியின் அந்தந்த அறையில் போடப்பட்டன.