தீனதயாளன் மானம் காத்த கதை

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றே கால் மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் வேன் டிரைவர் தீனதயாளனின் வீட்டுக் கதவைத் தட்டினான் பார்த்தசாரதி. பொத்தேரியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எடுபிடி வேலை செய்பவன். பனியனுக்குள் வைத்திருந்த குட்டி பாட்டிலை எடுத்துத் தீனதயாளனிடம் நீட்டினான். அதில் யாரோ ஒரு கல்லூரி மாணவனின் விந்து இருந்தது.

"ஒடனே சிரிஞ்சுல ஏத்திடு அண்ணாத்த. ஆறிப்போச்சுன்னா வேஸ்ட்டு."

"ராகு காலம் கீது மச்சான். நாலரைக்கு மேலதான்."

சூடு ஆறாமலிருக்க அரிசி டப்பாவுக்குள் பாட்டிலைப் புதைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தான் தீனதயாளன். மனைவிக்கு வீட்டிலேயே இப்படிச் செலுத்துவது இது மூன்றாவது தடவை. சிரிஞ்சும் பழைய சிரிஞ்சுதான்.

கல்யாணமாகி ஏழு வருஷம். குறை அவனிடம்தான் என்று செங்கல்பட்டு டாக்டரம்மா மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். நோய் இல்லை என்று சோதித்த விந்தை மருத்துவமனையிலேயே முறைப்படி செலுத்திக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். ஆனால் அந்த வாசலில் வேன் ஸ்டாண்டுக்காரன் எவனாவது பார்த்துவிட்டால்? வெளியே மூச்சுவிடக் கூடாது என்று மனைவி தனகோடியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அவளும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் வளைகாப்பில் மாமியார் எல்லம்மாள், "நீ முன்னால வராத, உள்ளயே இரு" என்று அவளைச் சமையலறைக்கு விரட்டினாள். தனகோடி வெங்காயம் உரித்தாள். உண்மை தெரிந்த புருஷன் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பத்து நாள் மருந்துக் கடை மாத்திரையிலேயே ஓட்டினான் தீனதயாளன். பதினோராம் நாள் அவள் நினைவு தப்பி விழுந்தாள். அன்றே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

"விந்து குடுத்தவருக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா?" என்று, நடந்ததை அவன் வாயால் வரவழைத்த பிறகு கேட்டார் டாக்டர்.

"நல்ல செகப்புன்னாங்க. நம்ம ஜாதிதான்னும்..." என்று இழுத்தான் தீனதயாளன்.

"கேக்க வேண்டியதக் கேக்கலியே! சீழ் புடிச்சு கருக்குழாய் ரெண்டும் அடைச்சிடுச்சு. இனிமே அவங்க கர்ப்பமாகறது ரொம்பக் கஷ்டம்."

வார்டில் எல்லம்மாள் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டுந்தான்.

"நா அப்பவே சொன்னேனே, கொறை இவகிட்டதான்னு! நீ திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குப் போயி கல்யாண மாலை வாங்கிப் போட்டுகினு வாடா. வேற பொண்ணு பாக்கறேன்."

தனகோடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"கொறை எனக்குத்தாம்மா. மூணு வருசமாத் தெரியும். அவ நல்லாத்தான் இருந்தா. நான்தான் பாழாக்கிட்டேன்" என்று உடைந்து அழுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தனகோடி மெதுவாகச் சொன்னாள்: "ஒடம்புல கொறை இருக்கறது கேவலமில்லய்யா. அத மறைச்சி பொண்டாட்டி தலையில கட்டறதுதான் கேவலம். இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருந்தா, இந்நேரம் நா ஒரு கொழந்தைக்கு அம்மாவாயிருப்பேன்."