வண்டிக்கு ஒத்துக்கொள்ளாதது

தம்பிதுரையின் மோட்டார் சைக்கிள் முதன்முதலாக வாந்தி எடுத்தது 1994-ம் வருசம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில். கிணத்துக்கடவுக்குத் தெற்கே அவருடைய தென்னந்தோப்பில், மாடு கட்டுகிற சாளையின் தூணில் சாய்த்து வைத்திருந்த இடத்திலேயே எடுத்தது. முதலில் நன்றாக இருமியது. பிறகு சைலன்சர் வழியாகப் புளித்துப்போன கம்மங்கூழ் ஒரு வாளிக்குக் கொட்டியது. அதில் வெங்காயத் துண்டுகள் கிடந்தன, ஒரு ஈ கிடந்தது, ஈ செத்திருந்தது. அன்றைக்குத் தேங்காய் விலை இறங்கியிருந்தது, பொள்ளாச்சி ரோட்டில் லாரி ஒன்று குடைசாய்ந்திருந்தது, அதனால் ஊரில் இதைப் பேச ஆளில்லை. தம்பிதுரையின் மகள் வர்ஷினிதான் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிக் கொட்டினாள். அள்ளும்போதே அவளுக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. கருமம், யாருக்குத்தான் வராது?

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன வண்டி அது. செக் நாட்டுச் சரக்கு. லைட் கிடையாது, ஹார்ன் கிடையாது, பின்சீட் கிடையாது. மேட்டிலும் மண்ணிலும் ஏறிக் குதிப்பதற்கென்றே செய்தது. இளவட்டமாக இருந்தபோது தம்பிதுரை அதில் மண்ரேஸ் ஓட்டிக் கப்பெல்லாம் வாங்கியிருக்கிறார். கல்யாணம் ஆனதும் மாமனார் முகத்தைச் சுளித்தார். வண்டி சாளைக்குள் போனது, மேலே மட்டையும் சாக்கும் விழுந்தன, அத்தோடு இருபது வருசம் யாரும் தொடவில்லை. வர்ஷினி கோயமுத்தூரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்து, மாப்பிள்ளை தகைகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டாமல் சாக்கை விலக்கினாள். காற்று வடிகட்டிக்குள் எலி குட்டி போட்டு, குட்டிகள் அங்கேயே செத்து, அப்பளமாகக் காய்ந்திருந்தன. டேங்குக்குள் பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. கியர்பெட்டியைத் திறந்தால் ஐயோ சாமி, குடலைப் புரட்டுகிற நாற்றம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டுத் துழாவியபோது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். "அப்பிடி இல்லீங் கண்ணு, இதை இப்பிடிப் புடிக்கோணும்" என்றார்.

அதுவரைக்கும் அப்பன் மகளிடம் பேசியதெல்லாம், சோறு தின்னாச்சா, பரிச்சை எப்போ, இவ்வளவுதான். சாளைக்குள் குந்தியதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. இறுகிப்போன பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு, அது இளகுகிற வரைக்கும் எந்தெந்த மேட்டில் எப்படிக் குதித்தார், எங்கே பல் உடைந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். வர்ஷினிக்குத் தன் வீட்டில் இப்படி ஓர் ஆள் இருந்ததே தெரியாது. டிராக்டரை விட்டுத் தோப்புக்குள் மேடும் பள்ளமுமாக ஒரு தடம் வெட்டினார்கள். தையில் கோயமுத்தூரில் நடக்கிற மண்ரேசில் அவள் ஓட்டுவது, அவர் ஸ்பேனரோடு ஓரத்தில் நிற்பது, அதுவரைக்கும் மாப்பிள்ளைப் பேச்சே இல்லை என்று இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். "அப்பனுக்கும் புள்ளைக்கும் கிறுக்குப் புடிச்சுப்போச்சு" என்று ராசாத்தாள், அவர் பெண்சாதி, தலையில் அடித்துக்கொண்டாள். வர்ஷினிக்குக் கப்பெல்லாம் ரெண்டாம்பட்சம். இந்த அப்பா போய்விடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆடிப்பெருக்கன்று கழற்றியதையெல்லாம் மாட்டி வண்டியைப் பூட்டி முடித்தார்கள். தம்பிதுரை உதைத்தார், கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது. வர்ஷினி உதைத்து உதைத்து மூச்சு வாங்கினாள். வண்டி மசியவில்லை. அந்நேரம் பார்த்து ரூபன் வந்தான். தோப்பில் காய் பொறுக்கும் பொன்னாத்தாளின் மகன், பெருந்துறையில் மில்லு வேலை, லீவுக்கு வந்தவன் அம்மாவைக் கூட்டிப்போக வந்து நின்றான். "நானொரு ஒதை ஒதச்சுப் பாக்கட்டுங்களா?" என்றான். தம்பிதுரை இருந்த ஆசையில், "பாரப்பா, பாரு" என்றுவிட்டார். ரூபன் உதைத்தான், பிடித்துக்கொண்டது. அதில் ஒரு வித்தையும் இல்லை, குருட்டாம்போக்குத்தான். சாளை முழுக்க வெள்ளைப் புகை, கோழிகளெல்லாம் மரத்தில் ஏறிவிட்டன. அவன் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, வாய்க்காலைத் தாண்டிக் குதித்து, பல்லெல்லாம் சேறாக இளித்துக்கொண்டு வந்து நிறுத்தினான். தம்பிதுரை விசில் அடித்தார். பொன்னாத்தாள் சிரித்தாள், ராசாத்தாள்கூடச் சிரித்தாள். இப்படியே இருந்தால் போதும் சாமி என்று வர்ஷினி நினைத்தாள்.

தாயும் மகனும் வேலியைத் தாண்டினார்களோ இல்லையோ, தம்பிதுரை மஞ்சள்தண்ணியும் கோமியமும் கொண்டுவரச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து பேசமாட்டார். நாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். அப்படிப்பட்ட ஆள் சீட்டைக் கழுவினார், கைப்பிடியைக் கழுவினார், கிக்கரைக் கழுவினார். கழுவி முடித்தும் மனசு ஆறவில்லை. அவன் உதைத்த உதை இஞ்சினுக்குள் போயிருக்குமே, அதை எப்படிக் கழுவுவது என்று யோசித்தார். யோசித்துவிட்டு, டேங்கு மூடியைத் திறந்து ஒரு சொம்புக் கோமியத்தை உள்ளே ஊற்றினார். வர்ஷினி ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் சொம்பு காலி.

"அப்பா, இஞ்சின் கெட்டுப்போயிருமுங்க!"

"கெட்டாக் கழட்டிக்கலாங் கண்ணு. தீட்டைக் கழட்ட முடியுமா?" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வர்ஷினிக்கு அருவருப்பு ஆரம்பித்தது அங்கேதான். வண்டிக்கு மறுநாள்தான் ஆரம்பித்தது.

கூழுக்கப்புறம் என்னவெல்லாமோ வந்தது. பூசணம் பிடித்த சந்தகை, நூல் நூலாக இழுக்கும் ஒப்புட்டு, தண்ணீர் விட்டுப்போன தயிர்ச்சோறு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாற்றம். கோயமுத்தூரிலிருந்து லட்சுமணசாமி மெக்கானிக் வந்து இஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். உள்ளே கண்ணாடி கணக்காகப் பளபளவென்று இருந்தது. "வண்டி தங்கமாட்டம் இருக்குதுங்க, ஓட்டுங்க. ஆனா நான் இனி வரமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டு டாக்டர் சூடம் கரைத்த எண்ணெய் எழுதிக் கொடுத்தார். பூசாரி மந்திரித்த எலுமிச்சம்பழத்தை வண்டி அடுத்த நாளே ஊறுகாயாக வெளியே தள்ளியது. தம்பிதுரை விடுவாரா, ஒவ்வொரு வாந்திக்கும் மறுபடி கோமியம் ஊற்றினார். ஊற்ற ஊற்ற இன்னும் பழைய சரக்காக வந்தது. ஒருநாள் சர்க்கரை கசிந்த லட்டுகள் உருண்டு விழுந்தன. ராசாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, இது நம்ம வர்ஷினி காதுகுத்துக்குப் புடிச்ச லட்டுங்க" என்றாள். "ஊசிப்போச்சுன்னு அப்பவே பொன்னாத்தாகிட்டக் குடுத்து உட்டனே!"

அந்த வீட்டில் விசேசம் முடிந்தால் அப்படித்தான் வழக்கம். பலகாரத்தை ஒரம்பரையாக வந்த சொந்தபந்தத்துக்குக் கட்டிக் கொடுத்து, மிச்சத்தை வீட்டில் தின்று, வாய்க்கு ஆகாது என்று ஆன பிற்பாடு வேலைக்காரர்களுக்குப் போகும். கீழே போடுவது பாவம் என்பதில் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக உறுதியாக இருந்தது. த்தூ!

வர்ஷினி பொன்னாத்தாளைக் கூட்டிவந்து காட்டினாள். அவள் சாளை வாசலில் நின்று, முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லாமல், மாடு போட்ட சாணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எல்லாம் நாங்க தின்னதுதானுங்க அம்மணி. நாங்க ஒருநாளும் வாந்தியெடுக்கலீங்க. வண்டிக்குத்தான் வகுறு பத்தலையாட்ட இருக்குது."

சொல்லிவிட்டு, காய் பொறுக்கும் கூடையைக் கொண்டுவந்து தூணோரம் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு இந்த நாத்தம் ஆவறதில்லீங்க. பையன்கூடப் பெருந்துறைக்கே போறனுங்க. வாரேனுங்க பண்ணாடி" என்று முதலாளியைக் கும்பிட்டாள். தம்பிதுரை "போயிட்டு வாங்க, நல்லா இருங்க" என்றார். மரியாதைக்கு எந்தப் பக்கமும் குறைவே இல்லை.

வண்டியின் நாற்றம் மற்றவர்கள் மேல் பட்டால் சோப்புக்குப் போனது. தம்பிதுரை மேல் பட்டது மட்டும் போகவில்லை. கல்யாண வீடுகளில் அவர் உட்கார்ந்தால் சுற்றிலும் நாற்காலி காலியானது. சொந்த மச்சான், "மாமா, நீங்க இப்பிடிக் கடைசிப் பந்திக்கு அக்கட்டால காத்தோட்டமா ஒக்காருங்க" என்று பணிவாக மாட்டுத்தொட்டிப் பக்கம் இலை போட்டான். தம்பிதுரை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, பந்தி பிரமாதம் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கை கழுவிய குழாயை மச்சான் வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்த்ததை வர்ஷினி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டாள். "பெருந்துறைக்குப் போயிட்டு வாங்கப்பா. அவிய ஊட்டுல ஒக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு வாங்க. அதுக்கப்பறம் ரேசுக்கு நானும் நீங்களும் சேந்து போலாம்."

"நீ என்ன வேணும்னாலும் கேளு கண்ணு, இதைய மட்டும் கேக்காத" என்றார் தம்பிதுரை. கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்க்கவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தை ரேசுக்கு வர்ஷினி தனியாகத்தான் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனாள். வாந்தி எடுக்கிற வண்டி ஓடக்கூடாது என்று ரூல் எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். முதல் மேட்டிலேயே வண்டி பின்னால் வந்தவர்கள்மேல் ஊசிப்போன சாம்பாரை அடித்தது; ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய் அவனும் வாந்தி எடுத்தான். இரண்டாவது சுற்றில் பின்னால் ஆளே இல்லை. பார்க்க வந்த கூட்டமும் பாதி கலைந்திருந்தது. அவள் ஓட்டியது நல்ல ஓட்டம், சந்தேகமே இல்லை, ஆனால் அதை நிமிர்ந்து பார்க்க யாராலும் முடியவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் கயிற்றை ஒட்டி நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் பஸ் ஏறி வந்திருந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டி அவள் நிறுத்தியதும் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கட்டாலயே நில்லுங்கப்பா" என்றாள் வர்ஷினி. கை தானாக நீண்டது, உள்ளங்கை வெளியே பார்க்க.

தம்பிதுரை நின்றார். எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவேண்டியதில்லை. பொன்னாத்தாள் எங்கே நின்று கூலி வாங்குவாளோ அதே தூரத்தில், தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வர்ஷினி நீட்டிய தன் கையைப் பார்த்தாள். அப்பனுடைய கைதான் அது, அந்த விரல், அந்த மடிப்பு எல்லாம். ச்சீ என்று வந்தது. கப்பை யாரோ கொடுத்தார்கள், வாங்கி டெம்போவில் போட்டாள்.

மறுவாரம் தம்பிதுரை பெருந்துறைக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் அவருக்கு ஒரு வரிசை முழுசும் விட்டுக்கொடுத்தார்கள். பொன்னாத்தாள் அவரைப் பார்த்ததும் திட்டவுமில்லை, உருகவுமில்லை. வாசலில் நாற்காலி போட்டு, தேய்த்த சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ரூபன் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிதுரை சொம்பை வாங்கினார், தூக்கினார், தண்ணீர் வாய்க்குள் போகவும் செய்தது. ஆனால் இறங்கவில்லை. கன்னம் உப்ப வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து சாக்கடையோரம் போய்த் துப்பினார். "பரவால்லீங்க பண்ணாடி, கஷ்டப்படாதீங்க" என்றாள் பொன்னாத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவரே மகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். "தொண்டைக்குழி வரைக்கும் வந்துதுங் கண்ணு. எறங்கமாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?" பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வர்ஷினி எழுந்துபோய்ச் சாளையைக் கழுவிவிட்டாள்.

அதற்கப்புறம் தோப்பில் காய் பொறுக்கும் கூலி ஏறியது, பொள்ளாச்சி ரோட்டை அகலப்படுத்தினார்கள், வர்ஷினி கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாப்பிள்ளைகள் வந்தார்கள், வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. ஊரில் வண்டியைப் பற்றி இப்போது யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. காற்று தெற்கிலிருந்து அடித்தால், "தம்பிதுரை வண்டி வாந்தி எடுத்திருக்குது" என்று ஜன்னலைச் சாத்துவார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வர்ஷினி ஊருக்கு வந்து வண்டியை எடுப்பாள். தம்பிதுரை வாய்க்கால் மேட்டில் போய் நின்றுகொள்வார். அங்கே நில்லுங்கள் என்று அவள் சொன்னதில்லை, தள்ளிப் போங்கள் என்றும் சொன்னதில்லை. வாய்க்காலைத் தாண்டும்போதுதான் வண்டிக்குக் குமட்டும்; ஏதோ ஒரு வருசத்துக் கல்யாணச் சோறு அவர் தலையிலும் வெள்ளை வேட்டியிலும் வந்து விழும். அவர் துடைக்கமாட்டார். "இன்னும் கொஞ்சம் முறுக்குங் கண்ணு, முறுக்கு!" என்று கத்துவார். வர்ஷினி திரும்பிப் பார்க்கமாட்டாள். முறுக்குவாள்.